நேசிக்கிறவர் ஏன் இன்னும் ரெண்டு நாள் அங்கேயே இருந்தார்? காத்திருக்கிறவங்க வந்து பேசுங்க

ஆத்தங்கரை (இரவு 11:52)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க வாசிச்சிட்டு மட்டும் போறவ நான், எழுதுறது இதான் முதல் தடவை. தூக்கம் வரல. நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு கிட்னியும் போயி மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு. பாளையங்கோட்டைல இருக்கோம். வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், காலைல ஆறு மணி ஷிப்ட். அரசாங்க உறுப்பு தான லிஸ்ட்ல பேர் பதிஞ்சிருக்கு. அவங்க ஓ பாசிட்டிவ், நான் பி பாசிட்டிவ், அதனால என்னோடது சேராதுன்னுட்டாங்க. ஓ குரூப்புக்கு ஓ குரூப்புதான் வரணும், அந்த வரிசை எறும்பு ஊர்ற மாதிரி நகருது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல, முதல் வருஷம் அவங்க கைல வந்தது சங்கீதம் 50:15, "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன்". கோயில்ல வச்சே அழுதுட்டோம், இந்த வருஷம் கிடைச்சிடும்னு. அந்த அட்டைய பீரோ கதவுல ஒட்டுனேன். இப்ப மூணு அட்டை இருக்கு அந்த கதவுல.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ஒன்னு இருபதுக்கு போன் வந்துச்சு, ஒரு கிட்னி இருக்கு உடனே மதுரைக்கு வாங்கன்னு. பச்சத்தண்ணி கூட குடிக்காம கார் பிடிச்சி போனோம். போற வழியெல்லாம் பாட்டு பாடிட்டே போனேன். அங்க போனப்புறம்தான் தெரியுது எங்களோட சேத்து மூணு பேர கூப்பிட்டிருக்காங்கன்னு, ரத்தம் எடுத்து யாருக்கு சேருதுன்னு பாத்து ஒருத்தருக்குத்தான் வைப்பாங்களாம். மத்தியானம் வந்து சொன்னாங்க, உங்களுக்கு இல்லம்மா, அந்த சின்ன பையனுக்குன்னு. அந்த பையனோட அம்மா வந்து என் கைய பிடிச்சிக்கிட்டு ஒன்னுமே சொல்லாம நின்னா. எனக்கு சந்தோஷப்படவும் முடியல அழவும் முடியல. திரும்பி வரும்போது கோவில்பட்டி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

இன்னொன்னு இருக்கு, அத யார்ட்டயும் சொன்னதில்ல. எனக்கு ஜெபிக்கவே பயமா இருக்கு. ஒரு கிட்னி வரணும்னு கேட்டா யாரோ ஒருத்தர் சாகணும்னு கேக்குற மாதிரி இல்லையா? மழைக்காலத்துல பைபாஸ்ல ஆக்சிடென்ட்னு செய்தி வந்தா என் மனசு ஒரு நிமிஷம் எங்க போவுதுன்னு எனக்கே தெரியும், அப்புறம் முழங்கால் போட்டு மன்னிப்பு கேப்பேன்.

இதுக்கு நடுவுல எங்க ஜெபக்குழுல ஒரு மூத்தவங்க வீட்டுக்கு வந்து, ஏதோ மறைவான பாவம் இருக்கு அதான் தடைபடுதுன்னு எங்க வீட்டுக்காரங்க முன்னாடியே சொல்லிட்டு போனாங்க. அன்னைல இருந்து எங்க வீட்டுக்காரங்க கோயிலுக்கு வர மாட்டேங்காங்க.

இன்னைக்கு யோவான் 11 வாசிச்சேன், செத்து நாலு நாளான லாசருவ இயேசு உயிரோட எழுப்புற அதிகாரம். அஞ்சாம் வசனத்துல மார்த்தாள், அவ தங்கச்சி, லாசரு மூணு பேர்கிட்டயும் இயேசு அன்பா இருந்தார்னு இருக்கு. அடுத்த வசனத்துலயே, வியாதின்னு கேள்விப்பட்டும் இருந்த இடத்துலயே பின்னும் ரெண்டு நாள் தங்கினார்னு இருக்கு. அன்பு இருந்தா ஓடி வரணும்ல? எனக்கு விளக்கம் வேணும்னு கூட இல்ல, இப்பிடி காத்திருந்தவங்க யாராவது இருந்தா பேசுங்க.

பழைய வாத்தியார் (காலை 5:40)

அம்மா, காலைல எழுந்ததும் இததான் வாசிச்சேன். நான் ரிட்டயர்டு வாத்தியார், ரொம்ப காலத்துக்கு முன்னால செமினரில ரெண்டு வருஷம் கிரேக்கம் படிச்சேன், அவ்வளவுதான் என் தகுதி.

நீங்க தொட்டிருக்க இடம் நம்ம தமிழ் பைபிள்ல இருக்கதவிட மூலத்துல இன்னும் கடினமா இருக்கு. ஆறாம் வசனத்துல "ஊன்"னு ஒரு சின்ன சொல் இருக்கு, "ஆகையால்"னு அர்த்தம். அவங்க மேல அன்பா இருந்தார், ஆகையால் கேள்விப்பட்டபோது ரெண்டு நாள் தங்கினார். அன்பா இருந்தார் "ஆனாலும்" தங்கினார்னு யோவான் எழுதல. நான் முதல்ல படிச்சப்போ இது எழுத்துப் பிழையோன்னு நெனச்சேன்.

அந்த சகோதரிங்க அனுப்புன செய்தியையும் பாருங்க. "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்", அவ்வளவுதான். வாங்கன்னு கூட கேக்கல. உம்மை சிநேகிக்கிறவன்னும் சொல்லல, நீர் சிநேகிக்கிறவன்னுதான் சொல்லி விட்டாங்க. அவங்க நம்பிக்கை லாசருவோட விசுவாசத்து மேல நிக்கல. உங்க வீட்டுக்கு வந்து பாவம் தேடுன அந்த மூத்தவங்களுக்கு இந்த ஒரு வசனம் போதும், போதலேன்னா யோவான் 9ல பிறவிக்குருடன பாத்து இவன் செஞ்ச பாவமா இவன பெத்தவங்க செஞ்ச பாவமான்னு சீஷருங்க கேட்டதுக்கு ரெண்டும் இல்லன்னு ஆண்டவரே சொன்னது இருக்கு.

நாள் கணக்கு ஒன்னு பாக்கணும். ஆண்டவர் அப்போ யோர்தானுக்கு அக்கரைல, யோவான் ஸ்நானன் முன்னால ஞானஸ்நானம் குடுத்த இடத்துல இருக்கார். அங்க இருந்து லாசருவோட ஊரான பெத்தானியாவுக்கு எரிகோ வழியா ஏறி வரணும். எரிகோ கடல் மட்டத்துக்கு சுமார் 250 மீட்டர் கீழ இருக்கு, பெத்தானியா ஒலிவமலை சரிவுல, மலை உச்சி 800 மீட்டருக்கு மேல. ஏறக்குறைய ஒரு நாள் நடை. ஆள் போக ஒரு நாள், தங்குனது ரெண்டு நாள், வர ஒரு நாள், மொத்தம் நாலு. அவர் வந்து சேந்தப்போ லாசரு கல்லறைல வச்சி நாலு நாளாச்சு. அவங்க வழக்கப்படி செத்த அன்னைக்கே அடக்கம் பண்ணிடுவாங்க. அப்போ செய்தி கொண்டுபோனவன் வழில இருக்கும்போதே லாசரு போயிட்டான்னு ஆகுது. சேதி கிடைச்ச நிமிஷமே கிளம்பியிருந்தாலும் ரெண்டு நாள் ஆன கல்லறைக்குத்தான் வந்திருப்பார். அந்த ரெண்டு நாள் லாசருவ கொல்லல.

அசையாத விசுவாசி (காலை 7:15)

சிஸ்டர், தேவன் இன்னைக்கே அற்புதம் செய்ய வல்லவர். மனுஷன் மேல, மெஷின் மேல சாயுறத விட்டுட்டு முழுசா அவர் மேல சாஞ்சு பாருங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு பிரதர் மாத்திரைய எல்லாம் தூக்கி போட்டுட்டு விசுவாசத்துல நின்னாங்க, இன்னைக்கு சாட்சி சொல்றாங்க. இருமனம் இருந்தா ஒன்னும் பெற முடியாது.

டெக் தம்பி (காலை 7:31)

டூட்டிக்கு நடுவுல எழுதுறேன், இத உடனே சொல்லியாகணும். அக்கா, டயாலிசிஸ் ஒரு ஷிப்ட் கூட விடாதீங்க. நான் ஒன்பது வருஷமா டயாலிசிஸ் டெக்னீசியன், நானும் சபைக்கு போறவன்தான். ரெண்டு மூணு ஷிப்ட் விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறும், பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும், அதுக்கு அப்புறம் நாங்க என்ன செஞ்சாலும் வராது. ஒரு அண்ணன் இப்பிடித்தான் யாரோ சொன்னாங்கன்னு நிறுத்துனாங்க. பத்தாம் நாள் அவங்க பெட் காலி.

பிரதர் உங்க மேல கோபம் இல்ல, ஆனா இந்த வார்த்தைய இன்னொரு டயாலிசிஸ் வீட்ல சொல்லாதீங்க. அந்த மெஷினும் தேவன் குடுத்த உதவிதான்னு ஏன் எடுத்துக்க கூடாது? ஒரு நிமிஷத்துக்கு 250, 300 மில்லி ரத்தம் அந்த குழாய் வழியா வெளிய வந்து சுத்தமாகி உள்ள போகுது, நாலு மணி நேரம். மூணு வருஷம் நாலு மாசத்துல அது எத்தன தடவ நடந்திருக்கு அக்கா? கணக்கு போட்டா 500க்கு மேல வரும். உதவி வரலன்னு நம்ம நெனச்ச அந்த காலம் முழுக்க அண்ணன் உயிரோட இருந்திருக்காங்க.

கிட்னி கேக்க பயமா இருக்குன்னு சொன்னீங்கள்ல, அத நான் ஷிப்ட் பூரா யோசிச்சேன். ஆக்சிடென்ட் உங்க ஜெபத்தால நடக்கிறது இல்லக்கா. அது எப்பிடியும் நடக்கும். மூளைச்சாவுன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் ஐசியூ வாசல்ல ஒரு அம்மாவோ பொண்டாட்டியோ நிப்பாங்க, அவங்கள்ட்ட போய் கேப்பாங்க. அந்த நேரத்துல அவங்களுக்கு பெலன் வேணும்னு ஜெபிங்க. சரின்னு சொன்னாலும் மாட்டேன்னு சொன்னாலும் அவங்கள கர்த்தர் தாங்கணும்னு. நான் அப்பிடித்தான் ஜெபிக்கிறேன்.

இன்னொன்னு, ஸ்வாப் பத்தி உங்க டாக்டர் சொன்னாங்களா? உங்க குரூப்பு சேராத மாதிரியே இன்னொரு குடும்பத்துலயும் சேராம இருக்கும், உங்களோடது அவங்களுக்கும் அவங்களோடது அண்ணனுக்கும் சேந்தா மாத்தி குடுத்துக்கலாம். 2011ல சட்டத்த திருத்தி அனுமதி குடுத்திருக்காங்க, நெருங்குன சொந்தமா இருக்கணும், கமிட்டி அனுமதி வேணும். கேட்டு பாருங்க. பழைய டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் காலாவதி ஆகாம புதுசா குடுத்துட்டே இருங்க, கூப்பிடுற நேரத்துல அதனால தட்டிப்போகக் கூடாது.

சாம்பல் வானம் (காலை 10:04)

வாத்தியார் ஐயா சொன்ன கணக்கு எனக்கும் தெரியும், ஆனா அது என்னை ஆத்தல. காரணம் சொல்றேன்.

யோவான் 4ல அதே இயேசு கானா ஊர்ல நின்னுகிட்டு, தூரத்துல கப்பர்நகூம் ஊர்ல சாகக் கிடந்த பையன சுகமாக்குறார். உன் குமாரன் பிழைச்சிருக்கிறான்னு ஒரு வார்த்தைதான். அந்த அப்பன் ஊருக்கு திரும்பும்போது வேலைக்காரங்க எதுர வந்து நேத்து ஏழாம் மணி நேரத்துல காய்ச்சல் விட்டுச்சுன்னு சொல்றாங்க, அதே மணி. அப்போ தூரம் ஒரு காரணமே இல்ல. நடந்து வர ஒரு நாள் ஆகும்ங்கிறது நமக்குத்தான், அவருக்கு இல்ல. அதோட 15ம் வசனத்துல நான் அங்க இல்லாததுக்காக உங்க நிமித்தம் சந்தோஷப்படுறேன்னு சொல்றார். அத வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு எரியும்.

என் மகளுக்கு ஏழு வயசு. ரத்தப் புற்றுநோய். பதினாலு மாசம் வேலூருக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். சபை முழுக்க உபவாசம் இருந்தாங்க, மூணு முழு இரவு ஜெபம் வச்சாங்க. கல்லறைத் தோட்டத்துல நாலு நாள் இல்ல, எட்டு வருஷம் ஆச்சு. யாரும் வந்து கல்லை எடுத்துப் போடுங்கன்னு சொல்லல.

சிஸ்டர் உங்க நம்பிக்கைய குலைக்கணும்னு இத எழுதல. தாமதம் நல்லதுக்குன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் முடிவுல கிடைச்ச கதைய மட்டும்தான் சொல்றாங்க. ஆபிரகாமுக்கு 100 வயசுல ஈசாக்கு, யோசேப்புக்கு 30 வயசுல பார்வோன் அரண்மனை. கிடைக்காதவங்க கதைய மேடைல சாட்சியா யாரும் சொல்ல விடுறதில்ல. நான் இப்பவும் ஞாயிற்றுக்கிழமை போறேன். கடைசி பெஞ்சுல உக்காருவேன், பாட மாட்டேன். ஆனா போறேன். ஏன் போறேன்னு எனக்கே சொல்லத் தெரியல.

உடன்குடிக்காரி (காலை 11:20)

சாம்பல் வானம் தம்பி, நீ எழுதுனத வாசிச்சிட்டு அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்துட்டேன். உன் பிள்ளைக்காக இன்னைக்கு இந்த வயசானவ அழுதேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

ஆத்தங்கரை மக்ளே, எல்லாத்தையும் இழந்த யோபுவுக்கு மூணு சிநேகிதங்க இருந்தாங்கல்லா, அவங்க முதல்ல நல்லாத்தான் இருந்தாங்க. ஏழு நாள் ராவும் பகலும் அவன் பக்கத்துல தரையில உக்காந்து ஒரு வார்த்தை பேசாம இருந்தாங்க. வாயத் தொறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. உன் வீட்டுக்கு வந்த அந்தம்மா எட்டாம் நாள் பேச்சு பேசிட்டு போயிருக்கா. நீ அத கர்த்தர் பேசுனதா எடுக்காத.

டோனாவூர் இங்க இருந்து தூரமில்ல. மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல இந்தியாவுக்கு வந்து, 1901ல டோனாவூர்ல தங்கி, எத்தன பிள்ளைங்கள வளத்தாங்கன்னு எங்க பாட்டி சொல்லிட்டே இருப்பா. 1931ல ஒரு நாள் குழில விழுந்து கால் முறிஞ்சி போச்சு. எல்லாரும் எழும்பிருவாங்கன்னு ஜெபிச்சாங்க, பிள்ளைங்க அத்தனையும் ஜெபிச்சுது. எழும்பல. 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரு அறையிலதான், இருபது வருஷம்கிட்ட. அந்தக் கட்டில்ல இருந்துதான் புஸ்தகம் புஸ்தகமா எழுதுனாங்க, பிள்ளைங்க ஒன்னொன்னா உள்ள வந்து பேசிட்டுப் போவும். அவங்க கல்லறைல பேர் செதுக்குன பெரிய கல்லு கிடையாது, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டிதான். நான் போய் பாத்தேன், ரெண்டு மைனா குளிச்சிட்டிருந்துச்சு. கர்த்தர் இவங்கள நேசிக்கலன்னு அங்க நின்னுகிட்டு என்னால சொல்ல முடியல. ஏன் எழுப்பலன்னும் சொல்ல முடியல. ரெண்டையும் வச்சிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பழைய வாத்தியார் (மதியம் 2:10)

சாம்பல் வானம் சொன்னது சரி. கானாவ நான் விட்டுட்டேன். நாள் கணக்கு சொன்னப்போ ஏதோ ஆண்டவருக்கு வக்கீல் வேலை பாத்த மாதிரி ஆயிடுச்சு, அத திருப்பி எடுத்துக்கிறேன். அவர் நினைச்சிருந்தா அங்க இருந்தே செஞ்சிருக்கலாம். செய்யல. அதுக்கு காரணம் எனக்கு தெரியாது தம்பி.

மார்த்தாளும் மரியாளும் தனித்தனியா வந்து ஒரே வார்த்தையத்தான் சொல்றாங்க, "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்". அந்த நாலு நாளும் அக்காவும் தங்கச்சியும் வீட்டுக்குள்ள இதையேதான் ஒருத்திக்கொருத்தி சொல்லிட்டு இருந்திருப்பாங்க. இது குத்தச்சாட்டுதான். அவர் ரெண்டு பேரையும் கண்டிக்கல. மார்த்தாளோட நின்னு பேசினார். மரியாள் காலடியில விழுந்து அழுதப்போ அவர் விளக்கம் ஒன்னும் சொல்லல, எங்க வச்சீங்கன்னு மட்டும் கேட்டார், "இயேசு கண்ணீர் விட்டார்". இன்னும் ஐந்து நிமிஷத்துல லாசரு வெளிய வரப்போறான்னு தெரிஞ்சவர் ஏன் அழணும்? முப்பத்து மூணாம் வசனத்துல ஆவியிலே கலங்கினார்னு வர்ற இடத்துல மூலத்துல கோபமா உறுமுற அளவுக்கு ஒரு சொல் இருக்கு. குதிரை மூக்கு விடைச்சு சீறுறதுக்கும் அந்த சொல்லப் பயன்படுத்துவாங்க. மரணத்து மேல அவருக்கு அவ்வளவு கோபம். நம்ம வீட்டு சாவ அவர் அமைதியா நின்னு பாக்கல.

அவர் வந்ததுக்கு என்ன விலை கொடுத்தார்ங்கிறத நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்ல. கிளம்பும்போதே சீஷருங்க தடுக்காங்க, இப்பத்தான யூதர் உம்மேல கல்லெறிய பாத்தாங்க திரும்ப அங்கயா போறீர்னு. பெத்தானியா எருசலேம்ல இருந்து ரெண்டு மைல்தான். லாசரு எழும்பினதும் ஆலோசனைச் சங்கம் கூடுது, அந்நாள் முதல் அவரை கொலை பண்ண ஆலோசனை பண்ணினாங்கன்னு அதே அதிகாரத்துல 53ம் வசனம். லாசருவ கல்லறைல இருந்து கூப்பிட்ட சத்தம்தான் அவரை சிலுவைக்கு கொண்டு போச்சு. தாமதமா வந்தவர்னு சொல்லலாம். ஒன்னும் செலவழிக்காம வந்தவர்னு சொல்ல முடியாது.

யோவான் ஸ்நானனையும் நெனச்சிக்கிறேன் தம்பி. சிறைல இருந்து ஆள் அனுப்பி கேக்கான், வருகிறவர் நீர்தானா, இல்ல வேற ஒருத்தர் வர காத்திருக்கணுமான்னு. ஆண்டவர் அந்த சிறைக்கு போகவே இல்ல. யோவான் தலை போச்சு. ஆனா சந்தேகப்பட்டு ஆள் அனுப்பின அன்னைக்குத்தான் கூட்டத்துக்கு முன்னால, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்கள்ல இவனவிட பெரியவன் எழும்பலன்னு சொல்றார். நீங்க கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு போறத அவர் குறைவா எண்ணுவார்னு என்னால நெனைக்க முடியல.

அசையாத விசுவாசி (மாலை 6:48)

டெக் தம்பி, நீங்க எழுதினத வாசிச்சப்புறம் அந்த பிரதருக்கு போன் பண்ணி கேட்டேன். அவர் நிறுத்தினது மூட்டு வலி மாத்திரை. நான் அத டயாலிசிஸோட சேத்து பேசினது தப்பு. சிஸ்டர் மன்னிச்சிக்கோங்க, உங்க கணவர் ஒரு ஷிப்டும் விட வேண்டாம். என் விசுவாசத்துக்கு வேணும்னு உங்க வீட்டு உயிர வச்சி பேசிட்டேன். அவங்க பேர் சொல்ல வேண்டாம், ஆறு மணிக்கு ஷிப்ட்னு சொன்னீங்கள்ல, அந்த மூணு நாளும் ஆறு மணிக்கு நான் எழுந்து ஜெபிக்கிறேன்.

ஆத்தங்கரை (இரவு 10:37)

எல்லாத்தையும் ரெண்டு தடவ வாசிச்சேன். சாம்பல் வானம் அண்ணா, உங்க மக பேர் எனக்கு தெரியாது, ஆனா இனி ஏழு வயசு பிள்ளைய எங்க பாத்தாலும் உங்கள நெனப்பேன்.

இன்னைக்கு டயாலிசிஸ் நாள். அங்க வச்சி எங்க வீட்டுக்காரங்களுக்கு யோவான் 11ஐ மெதுவா வாசிச்சு காட்டுனேன், வாத்தியார் ஐயா எழுதினதையும் போன்ல காட்டுனேன். கண்ண மூடிட்டே கேட்டாங்க. கல்லறைய திறக்கச் சொன்னப்போ மார்த்தாள் "இப்பொழுது நாறுமே"ன்னு சொல்ற இடம் வந்ததும், அத திரும்ப வாசின்னாங்க. அந்தம்மா அவர்ட்டயே மூஞ்சிக்கு நேரா நாறும்னு சொல்லிட்டாளே, நம்ம மட்டும் எதுக்கு நல்ல வார்த்தையா தேடி தேடி ஜெபிக்கோம்னு கேட்டாங்க. மூணு வருஷத்துல ஜெபத்த பத்தி அவங்க பேசினது இதான்.

அப்புறம் வீட்டுக்கு வந்து சங்கீதம் 88 வாசிச்சோம், அது இருட்டுலயே முடியுது, கடைசில ஒரு வெளிச்சமும் இல்ல. இப்பிடி ஒரு சங்கீதத்த பைபிள்ல விட்டு வச்சிருக்காங்கன்னா நம்மள மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு தெரிஞ்சுதான் கர்த்தர் வச்சிருக்காருன்னு அவங்களே சொன்னாங்க. இந்த ஞாயிறு வாரேன்னு சொல்லல. பாப்போம்னு சொன்னாங்க. அதுவே எனக்கு பெருசு.

டெக் தம்பி, ஸ்வாப் பத்தி இன்னைக்கு டாக்டர்ட்ட கேட்டேன். அவங்களே, ஏன் முன்னாடி கேக்கலம்மான்னாங்க. எங்களுக்கு அப்பிடி ஒன்னு இருக்கதே தெரியாதே. புதன்கிழமை ரெண்டு பேரும் வந்து டெஸ்ட் குடுக்க சொல்லியிருக்காங்க. நடக்குமா தெரியல, பி குரூப் வேணும்னு நிக்கிற ஒரு வீட்ல ஓ குரூப்பு ஆள் இருக்கணும், ஓ குரூப்பு ஆள் யாருக்கு வேணும்னாலும் நேரா குடுத்துரலாம்ல, அதனால அந்த மாதிரி ஜோடி கிடைக்கிறது கஷ்டம்னும் சொன்னாங்க. ஒளிக்காம சொன்னது நல்லதாப் போச்சு.

தூங்கும்போது தினமும் அவங்க இடது கைல பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்கள சேத்து வச்சது) இருக்க இடத்துல என் உள்ளங்கைய வச்சி பாப்பேன். விர்ர்ர்னு ஒரு துடிப்பு இருக்கும், பூனை மடியில படுத்திருந்தா வயிறு அதிரும்ல அந்த மாதிரி. அது நின்னா அடைப்பு, உடனே ஓடணும். மூணு வருஷமா அத பயந்து பயந்துதான் தொட்டு பாத்தேன். நேத்து இத எழுதிட்டு போய் தொட்டப்போ முதல் தடவையா ஸ்தோத்திரம்னு வாய்ல வந்துச்சு. மனசு சரியாயிடுச்சுன்னு இல்ல. காலைல திரும்பவும் பயமாத்தான் இருந்துச்சு.

சாம்பல் வானம் (இரவு 11:15)

சிஸ்டர், நானும் பாளையங்கோட்டைதான். அடுத்த ஷிப்டுக்கு நான் வந்து அண்ணன் பக்கத்துல உக்காந்துக்கவா? நாலு மணி நேரம் நீங்க வீட்ல தூங்குங்க. நான் ஒன்னும் பேச மாட்டேன், வசனமும் சொல்ல மாட்டேன். வேலூர்ல எங்களுக்கு அப்பிடி ஒரு ஆள் வந்து உக்காந்துட்டு போவார். அவர் யார்னு இன்னைக்கு வரைக்கும் சரியா தெரியாது.

ஆத்தங்கரை (இரவு 11:29)

அவங்கள்ட்ட கேட்டேன் அண்ணா. வரச்சொல்லுன்னாங்க. பேசலாம்னும் சொன்னாங்க.

உடன்குடிக்காரி (இரவு 11:34)

நானும் அன்னைக்கு பாளையங்கோட்டைக்கு மக வீட்டுக்கு வாரேன் மக்ளே. அவருக்கு காலைல சாப்பாடு நான் கொண்டாரேன். என்ன சாப்பிடலாம்னு மட்டும் சொல்லு.

ஆத்தங்கரை (இரவு 11:41)

இட்லி போதும்மா, மூணு. சாம்பார் வேண்டாம், பருப்பும் தக்காளியும் அவங்களுக்கு ஆகாது. பழம் ஒன்னும் கொண்டாராதீங்க, வாழைப்பழம் இளநி எதுவும் கூடாது. சட்னில உப்பு கம்மியா போடுங்க, தண்ணி தவிக்கும், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம். ஷிப்ட் பத்து மணிக்கு முடியும், கைல ஊசி எடுத்து கட்டு போட்டு பத்து இருபது ஆகும். அவங்க மூணாவது பெட்டு, ஜன்னல் பக்கம்.

டெக் தம்பி (இரவு 11:50)

சின்ன வெங்காயம் பூண்டு போட்டு அரைச்சா உப்பு கம்மியா இருக்கது தெரியாதும்மா. எங்க பேஷண்ட்டுங்க அப்பிடித்தான் சாப்பிடுறாங்க.